யூத் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு கன்செர்ட்டோ வாசிக்க ஆடிஷன்: எப்படித் தயாராவது?

அறிவிப்பு வந்ததும் எந்த கன்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்று யோசிப்பதற்கு முன், அந்த ஆர்கெஸ்ட்ராவில் என்னென்ன வாத்தியங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, அதாவது சிறிய ஆர்கெஸ்ட்ரா என்றால் பெரும்பாலும் தந்தி வாத்தியங்கள்தான், பல இடங்களில் கூடவே இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் இருக்கும். சிபெலியஸ் வயலின் கன்செர்ட்டோவுக்கு மூன்று ட்ரோம்போன் வேண்டும், சைக்கோவ்ஸ்கிக்கு நான்கு ஹார்ன் வேண்டும். அதை நீங்கள் எவ்வளவு பிரமாதமாக வாசித்தாலும், மேடையேற்ற ஆள் இல்லாதபோது நடுவர்களால் என்ன செய்ய முடியும்?

அளவுக்குப் பொருந்தும் நல்ல படைப்புகள் நிறைய இருக்கின்றன. வயலினுக்கு மொசார்ட் 1775இல் எழுதிய 3ஆவது, 5ஆவது கன்செர்ட்டோக்கள், பாகின் ஏ மைனர், அப்புறம் மெண்டல்சோன் 13 வயதில் எழுதிய டி மைனர் (எல்லோருக்கும் தெரிந்த ஈ மைனர் வேறு, இதற்குத் தந்தி வாத்தியங்கள் மட்டும் போதும்). செல்லோவுக்கு ஹைடன் சி மேஜர், வயோலாவுக்கு டெலமான் ஜி மேஜர், கிளாரினெட்டுக்கு ஃபின்ஸி. பியானோ என்றால் மொசார்ட்டின் கே. 414 கன்செர்ட்டோவைப் (கே. என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்) பாருங்கள், வெறும் நான்கு தந்தி வாத்தியங்களோடுகூட வாசிக்கலாம். கஷ்டமான படைப்பை எடுத்தால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம். மொசார்ட்டில் ஒரு சுரம் பிசகினாலும் பளிச்சென்று தெரியும், அதனாலேயே அதைச் சுத்தமாக வாசிப்பவரை நடுவர்கள் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

விதிமுறைகளை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்: வயது வரம்பு, ஒரு மூவ்மெண்ட் (படைப்பின் ஒரு பகுதி) மட்டுமா முழுதுமா, மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா, ஆடிஷனில் ஆர்கெஸ்ட்ராவின் பகுதியைப் பியானோவில் வாசிக்கும் பியானிஸ்ட்டை யார் ஏற்பாடு செய்வது. வீடியோ அனுப்பச் சொன்னால், பொதுவாக வெட்டி ஒட்டாத ஒரே பதிவைத்தான் கேட்பார்கள், கையும் முகமும் தெரிய வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் போதாது, எல்லா வாத்தியங்களின் பகுதியும் சேர்ந்திருக்கும் முழு ஸ்கோரை எடுத்து உட்காருங்கள். நீங்கள் நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்திருக்கும்போது கீழே யார் நகர்கிறார்கள், உங்கள் மெலடியை அடுத்து யார் எடுக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஹைடன் சி மேஜரின் இரண்டாவது மூவ்மெண்டில் செல்லோ நுழைவதே ஒரே ஒரு நீண்ட சுரத்தோடுதான், வயலின்கள் மெலடியை வாசித்துக்கொண்டிருக்க அதற்குள்ளிருந்து அந்தச் சுரம் மெல்ல வளர்ந்து வர வேண்டும். சும்மா சத்தமாக ஆரம்பித்தால் அந்த இடமே கெட்டுவிடும். மொசார்ட் 5இல் வயலின் நுழையும்போது வேகமான அலெக்ரோ திடீரென்று நின்று மெதுவான அடாஜியோவாகிவிடும், அந்தச் சில பார்களை (பார் என்பது தாள அளவின் ஒரு கட்டம்) எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதிலேயே உங்களைப் பற்றி நடுவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும். இப்படி மற்றவர்களைக் கேட்டு வாசிக்கிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள், ஏனென்றால் பின்னால் உட்காரப்போவதும் இளைஞர்கள்தான், அவர்களால் உங்களைப் பின்தொடர முடிய வேண்டும்.

அதனால் டெம்போவை உங்கள் விரல் ஓடும் உச்ச வேகத்தில் வைக்காதீர்கள். கொஞ்சம் குறைத்து, ஒவ்வொரு நுழைவுக்கும் முன்னால் தெளிவாக மூச்செடுத்து, மூச்சிலேயே வேகம் தெரியும்படி பழகுங்கள். பியானிஸ்ட்டோடு இரண்டு மூன்று முறையாவது சேர்ந்து வாசியுங்கள், நீளமான ஆர்கெஸ்ட்ரா பகுதிகளில் எந்த பாரிலிருந்து எந்த பாருக்குத் தாண்டுவது என்பதை அவருடைய தாளிலும் எழுதிவிடுங்கள். அன்றைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கேதான் குழப்பம் வரும்.

ஆடிஷன் அறையில் முதலில் பியானோவோடு சுருதி சேருங்கள், அவசரமே வேண்டாம், அதற்கு எல்லோரும் காத்திருப்பார்கள். பியானிஸ்ட் உங்கள் வில்லையோ தோளையோ பார்க்கும்படி நில்லுங்கள். பிசகினால் நிற்காமல் அடுத்த பாரில் சேர்ந்துகொள்ளுங்கள். நடுவில் "போதும்" என்றால் கலங்க வேண்டாம், பெரும்பாலும் நேரம் இல்லாததால்தான். "இந்த இடத்தை இன்னும் மெதுவாக வாசியுங்கள்" என்று கண்டக்டர் (ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்துபவர்) கேட்டால் அது நல்ல அறிகுறி, விளக்கம் சொல்லாமல் உடனே மாற்றி வாசித்துக் காட்டுங்கள்.

கடென்ஸாவை, அதாவது ஆர்கெஸ்ட்ரா நிறுத்திவிட நீங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியை, முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். வயலின் கன்செர்ட்டோக்களுக்கு மொசார்ட் எழுதிய கடென்ஸா எதுவும் நம்மிடம் இல்லை, அதனால் 5ஆவதுக்குப் பலர் யோவாகிம் எழுதியதை வாசிக்கிறார்கள், சொந்தமாக எழுதினாலும் தப்பில்லை, ஆனால் சுருக்கமாக இருக்கட்டும். தேர்வாகிவிட்டால் முதல் ஒத்திகைக்கு முன்பே அதன் பிரதி ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்து, ஆர்கெஸ்ட்ரா திரும்பச் சேர வேண்டிய கடைசி ட்ரில்லை (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) பெரிதாக வட்டமிட்டுக் கொடுங்கள்.