ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இணை உணவு: அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு

2017-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் சில வாரங்கள் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடும். தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவைத் தொடங்க வேண்டியதோ குழந்தைக்கு 180 நாள் முடிந்ததும். அதனால் பல வீடுகளில் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போதே அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதற்காகச் சோறூட்டலை முன்னால் இழுக்காதீர்கள். பாலைப் பீய்ச்சி எடுத்து, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் உள்தட்டில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். பாட்டியோ பார்த்துக்கொள்பவரோ அதைப் பாலாடையில் புகட்டலாம். விடுப்பு ஆறு மாதத்தைத் தாண்டுகிறதென்றால், வேலைக்குத் திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே உணவைத் தொடங்கிவிடுங்கள். அம்மாவைப் பிரிவதும் புது ருசியும் ஒரே நாளில் வந்தால் குழந்தை இரண்டையும் மறுக்கும்.

தலை நிற்க வேண்டும், பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளக் கூடாது. உணவைத் தொடங்கும் முன் இந்த மூன்றும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, உணவைத் தண்ணீராகக் கொடுப்பது. பருப்புத் தண்ணீர், வடித்த கஞ்சி, ரசத்தில் கரைத்த சோறு எல்லாம் சுலபமாக இறங்கும். ஆனால் சத்து இராது. இந்த வயதில் வயிறு கொள்வது, எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மி.லி.தான். ஏழு கிலோ குழந்தைக்கு 200 மி.லி.யைச் சற்றே தாண்டும். அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் குழந்தை தாய்ப்பாலையும் குறைத்துவிடும், எடையும் ஏறாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். மளமளவென்று வழியாமல் கரண்டியிலேயே நின்றால் பதம் சரி.

தனியாக அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டுக்கு ஒரு வழி: காலையில் எல்லோருக்கும் சாதம் வைக்கும் குக்கரிலேயே, மேலே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். அதில் கழுவிய பச்சரிசி 2 டேபிள்ஸ்பூன், பாசிப்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், விரல் நீளத் துண்டு கேரட் அல்லது பூசணி, 150 மி.லி. தண்ணீர். நான்கைந்து விசிலில் குழைந்துவிடும். கரண்டியின் பின்புறத்தால் மசித்து, ஒரு டீஸ்பூன் நெய் சேருங்கள். நெய் ருசிக்காக மட்டும் இல்லை. கொஞ்ச உணவில் அதிக சக்தி சேர்வது அதனால்தான். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். “உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். குழந்தை இன்னும் உப்பின் ருசியே அறியாதது, தேடாது.

மிக்ஸியில் அரைக்காதீர்கள். கூழாகவே பழகிய குழந்தை, ஒன்பது பத்து மாதத்தில் சிறு கட்டி வந்தாலும் துப்பும். எட்டு மாதத்தில் கொரகொரப்பாக மசித்தது, ஒன்பதில் இட்லித் துண்டு, வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு என்று ஏற்றிக்கொண்டே போங்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் கெட்டியாகக் காய்ச்சினால் களியாகிவிடும், தண்ணீர் விட்டால் சத்து போகும். இதற்கு முளைகட்டிய மாவு உதவும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒன்றரை நாள் கட்டிவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, லேசாக மட்டும் வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் முளைப்பில் உண்டான, மாவுச்சத்தை உடைக்கும் நொதி செத்துவிடும். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, கொதி அடங்கியதும் சூடாக இருக்கும்போதே இந்த மாவில் அரை டீஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். சில நிமிடத்தில் தண்ணீர் சேர்க்காமலே இளகும். பிறகு இரண்டு நிமிடம் மறுபடி கொதிக்க விட்டு இறக்குங்கள்.

அளவு: முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு 2-3 டேபிள்ஸ்பூன். எட்டு மாதம் முடிவதற்குள் 250 மி.லி. கிண்ணத்தில் பாதி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதிலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் மசித்த வாழைப்பழம் போல ஒன்று. தாய்ப்பால் இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் தொடரட்டும்.

முட்டை, வேர்க்கடலை விழுது, மீன் இவற்றை ஒரு வயது வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் முதல் முறை கொடுப்பது நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையாக இருக்கட்டும். தடிப்போ வாந்தியோ வந்தால் பகல் முழுக்கக் கண்ணில் படும். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த புது உணவுக்கு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். முழு வேர்க்கடலை, திராட்சை, பொட்டுக்கடலை கையில் சிக்கவே கூடாது; மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவவும் கூடாது.

வேலைக்குப் போகும்போது பகல் உணவைத் தனித்தனிக் கிண்ணத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒரு கிண்ணத்தைச் சூடாக்கினால் ஒரு வேளையோடு சரி. எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தை மாலைக்கு எடுத்துவைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும் கொட்டிவிடுங்கள்.

ஊட்டும்போது ஃபோனும் டிவியும் வேண்டாம். படம் பார்த்தபடி வாங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. முகத்தைத் திருப்பினால் நிறுத்துங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு காயைத் துப்பிவிட்டால் அது பிடிக்காது என்று முடிவுகட்ட வேண்டாம், பத்து முறை கொடுத்த பிறகுகூட ஏற்றுக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறியுங்கள். கோடு இரண்டு மாதம் ஏறாமல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும் என்பதால், அரசுத் திட்டத்தில் வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், அதற்காக நிறுத்த வேண்டாம்.