பின்லாந்தின் தேவாலய முற்றத்துப் போர்க்கல்லறைகளைப் படித்தறியும் முறை

போர்க்காலத்தில் பின்லாந்து மக்களின் நாட்டுப்பற்றும் சமயமும் எப்படிப் பின்னிப் பிணைந்தன என்பதை அறிய விரும்புவோர், தலைவர்களின் உரைகளைவிட ஏதேனும் ஓர் ஊரின் லுத்தரன் தேவாலய முற்றத்திலிருந்து தொடங்குவது நல்லது. அங்கு 'சங்கரிஹௌதா' எனப்படும் வீரர் கல்லறைகள் வரிசையாக இருக்கும்.

முதலில் கற்களின் அளவைக் கவனியுங்கள். நடுகல்லைப் பார்த்துப் பழகிய நம் கண் வீரச்செயலின் சிற்பத்தைத் தேடும். இங்கோ பெரும்பாலும் ஒரே அளவுக் கற்களில் பெயரும் பிறப்பு, இறப்பு நாட்களும் மட்டுமே காணப்படும். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

அடுத்து இறந்த நாட்களைப் பாருங்கள். 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரையிலானவை சோவியத் ஒன்றியத்துடனான குளிர்காலப் போரையும், 1941 ஜூன் முதல் 1944 செப்டம்பர் வரையிலானவை அதே எதிரியுடனான தொடர்ச்சிப் போரையும் குறிக்கும். 1944 ஜூன், ஜூலை மாதங்கள் அடுத்தடுத்து வந்தால், அது சோவியத் படையின் பெருந்தாக்குதல் காலம். இந்தப் பிரிவினை முக்கியமானது. முதற்போர் தற்காப்புப் போராக உணரப்பட்டது. 1941இலோ படைத்தலைவர் மன்னர்ஹைம் தம் கட்டளையில் 'புனிதப் போர்' என்றே அழைத்தார், படைகளும் 1939க்கு முந்தைய பழைய எல்லையைக் கடந்து சென்றன. இரண்டையும் ஒரே மனநிலையாகக் கொள்வது பிழை.

பிறகு, இவர்கள் ஏன் ஊரில் கிடக்கிறார்கள் என்று கேளுங்கள். போர்முனையிலேயே புதைக்காமல், இயன்றவரை உடல்களைச் சொந்தத் திருச்சபைக்கு அனுப்புவது பின்லாந்துப் படையின் வழக்கம். மரணச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுசென்றவரும் பெரும்பாலும் ஊர்ப் போதகரே; அவர் வாசலில் நிற்பதே அச்சமூட்டிய காலம் அது. 'வீடு, சமயம், தாயகம்' என்ற முழக்கம் வெறும் சொல்லாக நிற்காமல் போனதற்கு இந்த ஏற்பாடே பெருங்காரணம் என்பது என் கணிப்பு.

முற்றத்துக்கு வெளியேயும் தேடுங்கள். 1918 உள்நாட்டுப் போரில் வென்ற 'வெள்ளையர்' எனப்பட்ட அரசுத் தரப்பினர் தேவாலயத்தருகே மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டனர். தோற்ற தொழிலாளர் தரப்புச் செம்படையினர் பலர் காட்டோரக் குழிகளில் புதைக்கப்பட்டனர். திருச்சபை வெள்ளையரின் பக்கம் நின்றதைத் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலம் மறக்கவில்லை. அக்குடும்பங்களின் பிள்ளைகளும் 1939இல் போரிட்டு, இதே முற்றத்துக்கு வந்து சேர்ந்தனர். 1940இல் மன்னர்ஹைம் வெள்ளையரின் மே 16 வெற்றி அணிவகுப்பை நிறுத்தி, இரு தரப்பாருக்கும் பொதுவான நினைவு நாளை மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு அமைத்தார். ஒற்றுமை அன்றே முழுமையாகிவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

லுத்தரன் முற்றத்தோடு நின்றுவிடாதீர்கள். ஹெல்சிங்கியின் ஹியெத்தனியெமியில் யூதர்களுக்கும் தாத்தார் முஸ்லிம்களுக்கும் தனிக் கல்லறைப் பகுதிகள் உண்டு. அச்சமூகங்களின் ஆண்களும் போரிட்டு மாண்டனர். ஜெர்மனி உடன் நின்ற போர்முனையிலேயே யூத வீரர்களுக்கு ஒரு கள வழிபாட்டுக் கூடம் இருந்தது.

கடைசியாக, சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கிழக்குப் பகுதியான கரேலியாவில் விட்டுவந்த முன்னோருக்காக நாட்டப்பட்ட நினைவுக்கல் உள்ளதா எனப் பாருங்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேறினர். அவர்களுள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களும் இருந்தனர். எல்லைக்கு அப்பால் கிடக்கும் கல்லறைகளுக்கான மெழுகுவர்த்தி, அடியில் யாரும் புதைக்கப்படாத இந்தக் கல்லின் முன்தான் ஏற்றப்படுகிறது.