மாடிக் குடியிருப்பில் டெலிபோன் ஒயரிங்: எர்த் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் போன்ற இடங்களில் உள்ள பழைய மாடிக் குடியிருப்புகளில், கோடைக்கால இடிமழைக்கு மறுநாள் காலையில் டெலிபோன், ரவுட்டர், கேட் இண்டர்காம் எல்லாம் ஒருசேர ஊமையாகிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பழி மின்னல்மேல் விழுகிறது. நான் திறந்து பார்த்த டெலிபோன் பெட்டிகளில், மின்னலுக்கு வழி காட்டியது பெரும்பாலும் நாமே போட்டு வைத்த எர்த் ஒயர்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, டெலிபோன் பெட்டிக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு எர்த் கம்பியை அடித்துவிட்டு, அதைக் கட்டடத்தின் மின்சார எர்த்தோடு இணைக்காமல் விடுவது. தனி எர்த் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 20 ஓம் தடை இருக்க, மின்னலின் பங்காக 1,000 ஆம்பியர் அதன் வழியே இறங்கினால், கம்பியின் தலைப்பில் 20,000 வோல்ட் ஏறி நிற்கும். மின்சார எர்த்தோ அந்தக் கணத்தில் வேறொரு அளவில் இருக்கும். ஒரு பக்கம் டெலிபோன் லைனிலும் மறுபக்கம் 230 வோல்ட் பிளக்கிலும் மாட்டியிருக்கும் ரவுட்டர்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கருகுகிறது. ஆகவே, சர்ஜ் அரெஸ்டரின் (மின்னலால் லைனில் ஏறும் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) எர்த் ஒயர் மின்சார மெயின் போர்டின் எர்த் பட்டைக்கே வர வேண்டும். தனிக் கம்பி ஏற்கெனவே இருந்தால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை; தடித்த செம்பு ஒயரால் மெயின் எர்த்தோடு சேர்த்துவிட்டால் போதும்.

அடுத்தது, பார்வைக்கு அழகான தவறு. ஒரு கட்டடத்தில் மிஞ்சிய ஐந்து மீட்டர் எர்த் ஒயரை வெட்டாமல், ஜடை சுற்றுவதுபோல் வட்டமாகச் சுற்றி, டை போட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மின்னோட்டம் ஒரு மைக்ரோ விநாடிக்கு 1,000 ஆம்பியர் வேகத்தில் எகிறும்போது, நேராக ஓடும் ஒயரிலேயே மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வோல்ட் தோன்றும். சுருட்டினால் இன்னும் கூடும். எர்த் ஒயர் குட்டையாக, நேராக, கூரிய வளைவு இல்லாமல் ஓட வேண்டும்.

தண்ணீர்க் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயாக மாற்றப்பட்ட அன்றே அந்த எர்த் பெயரளவுக்கு மட்டுமே மிஞ்சும்.

வீட்டு ஒயரிங்கில் பழகிய சிலர், டெலிபோனின் இரண்டு ஒயர்களில் ஒன்றை நியூட்ரல்போல எண்ணி எர்த்தில் கட்டிவிடுகிறார்கள். அந்த ஜோடியில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. இரண்டு ஒயர்களும் சமநிலையில் இருந்தால்தான் வெளி இரைச்சல் அடங்கும். ஒன்றை எர்த்தில் கட்டினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் காதைத் துளைக்கும். ஒரு ஜோடியிலிருந்து ஓர் ஒயரும் இன்னொரு ஜோடியிலிருந்து ஓர் ஒயருமாக எடுத்து ஒரு வீட்டுக்குக் கொடுப்பதும் கூடாது. மூன்றாம் மாடி அக்காவின் பேச்சு முதல் மாடியில் கேட்பதற்கு அதுவே காரணம். அதேபோல, மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் டெலிபோன் கேபிளை நுழைக்கவே கூடாது. ஓரிடத்தில் உறை உரிந்தால் 230 வோல்ட் நேராக டெலிபோனுக்கு வந்துவிடும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், நம் கடற்கரைக் காற்றில் நெடுநாள் தாங்காது. உப்பும் ஈரமும் உள்ளே புகுந்தால், அந்த 48 வோல்ட்டே செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். மழை நாளில் மட்டும் லைன் கரகரத்தால் முதலில் ஜாயிண்டைப் பாருங்கள். ஜெல் நிரப்பிய கனெக்டரைப் போடுங்கள்.

மெயின் போர்டில் எர்த்தை இணைப்பது பதிவு பெற்ற மின்பணியாளரின் வேலை. அவர் பின்பற்ற வேண்டிய விதிநூல் சான்ஸ் (SANS) 10142-1 என்ற தென்னாப்பிரிக்க ஒயரிங் தரநிலை. படிக்கட்டிலுள்ள பெட்டி பொதுச் சொத்தில் இருப்பதால், கை வைப்பதற்கு முன் பாடி கார்ப்பரேட்டிடம் (குடியிருப்பு உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பு) சொல்லிவிடுவது முறை. வேலை முடிந்த பிறகும் மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை கீழே போய், எர்த் ஒயர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்து வாருங்கள். செம்புத் திருட்டு மலிந்த ஊர் இது. நான் கடைசியாகப் பார்த்த கட்டடத்தில் அந்த ஒயர் முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டு, செடி மறைவில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.