வயிற்றில் அமிலம் குறைவா? கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு திம்மென்று ஆகிறது, விடாமல் ஏப்பம் வருகிறது என்றால் 'அசிடிட்டி' என்று நாமே முடிவுகட்டி மருந்துக்கடையில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோல் ஒரு அட்டை வாங்கி, அது தீர்ந்ததும் இன்னொரு அட்டை, அப்புறம் இன்னொன்று என்று வருஷக்கணக்கில் விழுங்குகிறோம். அமிலம் குறைந்துபோனாலும் இதே உப்புசமும் ஏப்பமும் வரலாம். அதனால் அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில், உங்களுக்கு அமிலம் குறைய ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். 30 வயது, மாத்திரை எதுவும் இல்லை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்றால் பெரும்பாலும் இது அமிலக் குறைவே இல்லை. முடி கொட்டுவதற்கும் முகப்பருவுக்கும் இதையே காரணம் காட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யோசிக்க வேண்டியவர்கள் யார் என்றால், பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் வகை மாத்திரைகளை நெடுநாளாக எடுப்பவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி பல வருஷம் தங்கி இரைப்பையின் உட்சுவர் மெலிந்துபோனவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பை செல்களைத் தாக்கும் நோய் உள்ளவர்கள். இந்தக் கடைசி வகை தைராய்டு பிரச்சினை உள்ளவர்களிடம் சற்று அதிகம்.

வெறும் வயிற்றில் இரைப்பையின் பிஹெச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சாதாரணமாக 1.5 முதல் 2 வரை இருக்கும். 3-க்கு மேலேயே நின்றால் அமிலம் குறைவு. புரதம் செரிக்காமல் போய்விடுமோ என்றுதான் பலர் கவலைப்படுகிறார்கள், அதைக் கணையம் பெருமளவு ஈடுகட்டிவிடும். உண்மையான தொல்லை வைட்டமின் பி12. உணவில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அமிலமும், இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் பிரித்துவிட்டால்தான் உடம்பில் சேரும். கல்லீரலில் சில வருஷத்துக்கான இருப்பு இருப்பதால் குறைபாடு சத்தமில்லாமல் வருகிறது: பாதம் மரத்துப்போகிறது, நாக்கு வழவழப்பாகிறது, ஞாபகம் தவறுகிறது, வீட்டில் எல்லாரும் 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். சுத்த சைவம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே பான்டோப்ரசோல் மாதிரி தினம் ஒரு கேஸ் மாத்திரை என்று இருக்கும் ஆள் நம் தெருவில் எத்தனை பேர்! மூன்றுமே பி12-ஐக் குறைப்பவை. அடுத்தது இரும்புச்சத்து, கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு கரைந்து சேர அமிலம் வேண்டும். கிருமிகளை வாசலிலேயே கொல்வதும் அமிலம்தான் என்பதால் வெளிச்சாப்பாடு, சுத்தமில்லாத தண்ணீர் இரண்டும் இவர்களைச் சீக்கிரம் படுக்க வைத்துவிடும்.

சரி, எப்படி உறுதி செய்வது? காலையில் தண்ணீரில் ஆப்ப சோடா கலந்து குடித்து ஏப்பம் எப்போது வருகிறது என்று எண்ணும் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள், நாம் விழுங்கும் காற்றுக்கும் ஏப்பம் வரும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டுவது), பி12 பாருங்கள். பைலோரிக்கு மலத்திலோ மூச்சிலோ சோதனை உண்டு. அதற்கு 2 வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டு, கேஸ் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். தேவைப்பட்டால் டாக்டர் எண்டோஸ்கோப்பி எழுதுவார். மலம் கருப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்க முடியாமல் போவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக அவரிடம் போங்கள்.

மாத்திரைதான் காரணம் என்றால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அடக்கி வைத்த சுரப்பு சில வாரத்துக்கு முன்னைவிட எகிறும். நெஞ்செரிச்சல் தாங்காமல் 'எனக்கு இது இல்லாமல் முடியாது' என்று பலர் திரும்பிப் போவது இதனால்தான். டாக்டரிடம் கேட்டு 40 மில்லிகிராமை 20 ஆக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்கலாம். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் போதும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள், முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள் தாங்களாகக் குறைக்கவே கூடாது, அவர்களுக்கு அந்த மாத்திரை காவல்.

அமிலத்தைக் கூட்டும் என்று இணையத்தில் விற்கும் பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு மாத்திரையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அல்சர் இருப்பது தெரியாமல், அல்லது வலி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் வயிறு புண்ணாகும். வினிகர் குடித்தால் இரைப்பை அமிலம் சுரந்துவிடாது, பல் எனாமல்தான் போகும்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது எளிது. முருங்கைக்கீரைப் பொரியலோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள், இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். பி12-ஐ மாத்திரையாக எடுத்தால் அது ஏற்கெனவே பிரிந்த நிலையில் இருப்பதால் அமிலம் குறைந்தவருக்கும் சேரும். எதிர்ப்புச் சக்தி தாக்கும் நோய் இருந்தால் மட்டும் ஊசியோ அதிக டோஸோ வேண்டியிருக்கும். கால்சியம் எடுப்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கார்பனேட் என்றிருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும், அதுவும் அமிலம் குறைவானவர்களுக்குச் சரியாகச் சேராது, சிட்ரேட்டாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.