ஊட்டி டிரைவருங்களுக்கு: பிக் அப், கெட் ஆஃப் எல்லாம் எப்படி பழகுறது

இங்கிலீஷ் வெர்ப்ப தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, பின்னாடி வர்ற அப், ஆஃப் மாதிரி குட்டி வார்த்தையோட சேத்தே பழகுங்க. மலை ரயில், பஸ்ஸுனா ஏற கெட் ஆன், எறங்க கெட் ஆஃப். நம்ம டாக்ஸினா கெட் இன், கெட் அவுட். பைக்குக்கு கெட் ஆன் தான், மேல ஏறி உக்கார்றோம்ல.

நெறைய பேர் தடுமாறுறது இங்க தான். "பிக் அப் த கெஸ்ட்", "பிக் த கெஸ்ட் அப்" ரெண்டுமே சரி, ஆனா ஹிம், தெம், யூன்னு வந்துட்டா நடுவுல தான் போடணும், "பிக் அப் தெம்"னு சொன்னா தப்பு, "பிக் தெம் அப்" தான் கரெக்ட். ட்ராப் ஆஃபும் இதே மாதிரி. ஆனா லுக் ஆஃப்டர், அதாவது பாத்துக்கிறது, பிரியவே பிரியாது, "லுக் ஆஃப்டர் தெம்" தான். "ஐ வில் பிக் யூ அப் அட் சேரிங் கிராஸ்"னு வாய்விட்டு சொல்லிப் பாருங்க, அடுத்த கெஸ்ட் போன்லயே யூஸ் ஆகும்.