வளவுச் சுவரில் சாமி படம்: வந்த வழியைக் கண்டறியும் முறை

செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், வரிசையாக மாட்டியிருக்கும் பழைய சாமி படங்களைப் பார்ப்போர் முகத்தில்தான் கண்ணை வைக்கின்றனர். படம் வந்த வழியை அறிய விரும்புவோர் அடி விளிம்பில் தொடங்க வேண்டும். வீட்டாரிடம் அனுமதி கேட்டு, சட்டத்தைக் கழற்றாமல், பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ரவி வர்மா அச்சகம், லோனாவ்லா என்றோ, ஜெர்மனியில் அச்சிட்டது என்றோ காணப்படலாம்.

அடுத்துச் சாமியின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் ஒரே சீராக வரிசை பிடித்திருந்தால் அது பிற்கால ஆப்செட் அச்சு. மணலைத் தூவியதுபோல் ஒழுங்கின்றி இருந்தால், கல்லின்மேல் வரைந்து அச்சிடும் கல்லச்சு. 1796-ஐ ஒட்டி பவேரியாவில் செனபெல்டர் கண்டறிந்த கல்லச்சு, பின்னர் வண்ணத்துக்கொரு கல்லாக வளர்ந்து, செல்வர் வீட்டு எண்ணெய் ஓவியத்தின் சாயலைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் அந்த எண்ணம் நம்மிடம் சொற்பொழிவாக வந்ததைவிட எந்திரமாகவே அதிகம் வந்தது என்பது என் உறுதியான கருத்து. ஓவியங்களை அச்சாக்கிப் பரப்புமாறு திருவிதாங்கூரில் திவானாக இருந்த மாதவ ராவ் முன்பே யோசனை கூறியிருக்க, ரவி வர்மா 1894-இல் பம்பாயில் ஜெர்மானிய எந்திரங்களோடும் தொழில்நுட்பக் கலைஞர்களோடும் அச்சகம் தொடங்கினார். பின்னர் லோனாவ்லா பக்கம் இடம் மாறிய அது, ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கே போயிற்று.

சரஸ்வதியின் புடவைமேல் துணியும் ஜரிகையும் சம்கியும் ஒட்டியிருந்தால், பழுது என்று எண்ணி அகற்றிவிடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். ஆயிரம் வீடுகளில் ஒன்றுபோல் தொங்கிய அச்சுப்படத்தைத் தம் வீட்டுச் சாமியாக ஒருவர் ஆக்கிக்கொண்ட தடயம் அது. எனக்கு மூலப்படத்தைவிட அந்த ஜரிகை மதிப்புடையது.

சுவரில் பதித்த பூ ஓடுகளுக்குக் கண்ணைவிட விரல் உதவும். வண்ணங்களுக்கு இடையே மேடிட்ட கோடு விரலில் தட்டினால், அது பெரும்பாலும் அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட ஓடு. உலர்ந்த களிமண் பொடியை அழுத்தும் முறைக்கு 1840-இல் இங்கிலாந்தில் பிராசர் காப்புரிமை பெற்றார். மின்டன் நிறுவனம் அதை ஓடுகளுக்குப் பயன்படுத்தியது. பிரிட்டிஷ் ஓடுகளைப் பார்த்துக் கற்ற ஜப்பானியர், கண்ணனையும் இலட்சுமியையும் பதித்து இந்தியாவுக்கே அனுப்பினர். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லோ சமதளமானது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, சுடாமல், நீரில் ஊறவைத்துச் செய்வது.

சுவர் ஓட்டின் பின்புறத்தைப் பார்க்க இயலாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெயர்த்தெடுத்த ஓடுகள் கிடைக்கும். புரட்டிப் பார்த்து, முத்திரையில் உள்ள நாட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.