கரையான் தடத்தைத் தட்டிவிடுவதற்கு முன்

கதவு நிலையின் ஓரத்திலோ சுவரின் அடியிலோ பென்சில் பருமனில் ஒரு மண்கோடு ஏறுவதைக் கண்டால், அதை உடனே தட்டிவிடவோ அதன்மேல் மருந்து தெளிக்கவோ வேண்டாம். கரையான் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது, எதைத் தின்னப் போகிறது என்பதற்கு நம் கையில் இருக்கும் தெளிவான சான்று அந்தத் தடம்தான். வேலைக்காரக் கரையான்களின் உடல் மென்மையானது. காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் உலர்ந்து இறந்துவிடும். அதனால்தான் அவை மண்ணையும் உமிழ்நீரையும் கழிவையும் குழைத்து மூடிய பாதை அமைத்துக்கொண்டு நடமாடுகின்றன. நாம் காணும் கரையான்கள் கூட்டத்தின் ஒரு சிறு பகுதியே. ராணி மண்ணுக்கடியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்க, மேலே நூறு கரையான்களைக் கொன்றாலும் கூட்டம் வேறொரு விரிசல் வழியாகப் புதிய தடம் போட்டுவிடும்.

ஆகவே முதலில் தடத்தைப் படம் எடுத்து, அதன் இரு முனைகளையும் தேடிப் பாருங்கள். பிறகு நடுவில் இரண்டு விரற்கடை அளவு மட்டும் உடைத்துவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் கூட்டம் இன்னும் அந்த வழியைப் பயன்படுத்துகிறது என்று பொருள். அடைபடவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அவை வேறு வழிக்கு மாறியிருக்கலாம்.

மரத்தை அரிப்பவை எல்லாம் இப்படி மண்ணிலிருந்து வருபவையல்ல. உலர்மரக் கரையான்களுக்கு மண்தொடர்பே தேவையில்லை. மேசைக்குள்ளேயே குடியிருந்து, மணல்போன்ற சிறு உருண்டைகளை வெளியே தள்ளும். அந்த உருண்டைகளை உருப்பெருக்கியில் பார்த்தால் ஆறு பக்கங்கள் தெரியும். குண்டூசித் தலை அளவில் வட்டத் துளைகளும் மாவுபோன்ற பொடியும் மட்டும் இருந்தால் அது கரையானே அல்ல, உளுவண்டின் வேலை. நம் மொழியே செல்லரித்த மரத்தையும் உளுத்த மரத்தையும் வேறு வேறாகச் சொல்கிறது. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தரையில் மருந்து ஊற்றினால் பணம் வீணாகும்.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல்களும் சிறகு முளைத்த கரையான்களே. நான்கு சிறகுகளும் ஒரே நீளமாகவும், இடை குறுகாமலும், உணர்கொம்புகள் வளையாமலும் இருந்தால் அது ஈசல். இடை ஒடுங்கி, முன்சிறகு நீண்டு, கொம்பு வளைந்திருந்தால் சிறகுள்ள எறும்பு. திறந்த சன்னல் வழியாக ஓரிரு ஈசல்கள் உள்ளே வருவதில் கவலைக்கு இடமில்லை. ஆனால் அடைத்திருந்த அறைக்குள் சிறகுகள் குவிந்து கிடந்தால், கூட்டம் அந்தச் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ இருக்கக்கூடும்.

அடுத்து மரங்களைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும் இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்தினால், வண்ணப்பூச்சு மட்டும் தோல்போல நின்று மரம் உள்வாங்கிவிடும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடி, குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடம், சுவரில் பதித்த அலமாரியின் முதுகு, பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். மண்ணிலிருந்து வரும் கரையானுக்கு ஈரம் இன்றியமையாதது. சொட்டும் குழாயைச் சரிசெய்யாமல், சுவரில் ஏறும் ஓதத்தைத் தடுக்காமல், எவ்வளவு விலையுயர்ந்த மருந்தை ஊற்றினாலும் அது அரைகுறைப் பயனையே தரும் என்பது என் உறுதியான கருத்து. கூரைநீர் சுவரோரம் தேங்காமல் ஓட வழி செய்யுங்கள். விறகையும் பழைய பலகைகளையும் சுவரில் சாத்தி வைக்காதீர்கள். மரம் எதுவும் நேரடியாக மண்ணைத் தொடாதபடி 15 செ.மீ. அளவாவது உயர்த்தி வையுங்கள்.

மருந்து வகையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டடத்தின் ஓரத்து மண்ணிலும், தரையும் சுவரும் சேரும் இடத்தில் வரிசையாக இடும் துளைகளிலும் கரையான்கொல்லி செலுத்துவது. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை இருப்பதைக் கரையான்கள் உணர்வதில்லை. அந்த மண்ணைக் கடந்து செல்பவை நஞ்சேறிச் சில நாட்களில் இறக்கின்றன. மற்றொன்று தூண்டில் உணவு. கரையான் தோலுரிப்பதைத் தடுக்கும் பொருளைக் கலந்த அந்த உணவை வேலைக்காரக் கரையான்கள் தின்று, கூட்டத்தில் மற்றவற்றுக்கும் ஊட்டுகின்றன. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை தூண்டிலுக்கு அருகே வேறு பூச்சிமருந்து தெளித்தால் அவை அங்கே வருவதையே நிறுத்திவிடும். மண்ணில் மருந்து செலுத்துவதை உரிமம் பெற்ற பணியாளரிடம் விடுவதே நல்லது. வீட்டருகே கிணறோ நிலத்தடித் தொட்டியோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுதி வாங்குங்கள். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் மருந்து உலரும்வரை அந்தப் பக்கம் போகக் கூடாது.

மண்ணெண்ணெய், உப்புநீர், வேப்பெண்ணெய் ஆகியவை பட்ட கரையானைக் கொல்லலாம், ஆனால் மண்ணுக்கடியில் இருக்கும் புற்றை எட்டமாட்டா. மண்ணெண்ணெயால் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. வண்ணம் பூசாத புதுமரத்துக்குப் போரேட் (வெண்காரம் போன்ற போரான் உப்பு) கரைசல் பூசுவது நல்ல முன்காப்பு. உலர்மரக் கரையான் ஒரு நாற்காலியில் மட்டும் இருந்தால், அந்தப் பொருளை மட்டும் வெப்பமூட்டும் முறை உண்டு. மரத்தின் உட்பகுதி வரை சுமார் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, அந்தச் சூடு அரைமணி நேரமாவது நிற்க வேண்டும்.

தோட்டத்துப் புற்றுகளையெல்லாம் இடிக்கத் தேவையில்லை. உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மண்ணாக்கும் பெரும்பணியைக் கரையான்கள் செய்கின்றன; வீட்டை நோக்கித் தடம் வராதவரை அவற்றை விட்டுவிடலாம்.

அரிக்கப்பட்ட நிலையையோ சட்டத்தையோ மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மருந்து செலுத்திய பின் பழைய தடங்களை முற்றிலும் துடைத்து, அந்த இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். சில மாதங்கள் புதுமண் தென்படாதிருந்தால் தச்சரை அழைக்கலாம்.